"வேலை இருக்குதுங்க, ஆள்தான் இல்லை" என்பவர்களுக்கு

நம்ம பக்கத்தில் டீக்கடையில் இருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் ஒரு வசனம் ஓடிக்கொண்டே இருக்கும். "வேலை எல்லாம் நிறைய கெடக்குதுங்க. செய்யறதுக்குத்தான் ஆள் இல்லை. இப்பத்த பசங்களுக்கு உடம்பு வணங்கறதில்லை." சொல்கிறவர் பெரும்பாலும் நல்ல மனிதர்தான். சின்ன வயதில் நிஜமாகவே கஷ்டப்பட்டவராகவும் இருப்பார். ஆதாரம் கேட்டால் பல்லடம் ரோட்டைக் காட்டுவார். உடுமலையில் பஸ் ஏறி திருப்பூர் போய்ச் சேருவதற்குள் எத்தனை போர்டு! டைலர்கள் தேவை, செக்கிங் பெண்கள் தேவை, கைமடி ஆட்கள் தேவை, வேன் வசதி உண்டு, தங்குமிடம் இலவசம். இவ்வளவு போர்டு தொங்குகிற ஊரில் ஒருத்தன் வேலை இல்லை என்று சொன்னால் அவன் சோம்பேறியாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை என்பதுதான் என் கட்சி. போர்டு தொங்குவதற்கும் வேலை இருப்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பி.காம், பி.ஏ. எகனாமிக்ஸ் நண்பர்கள் "இது செகண்ட் இயர் சிலபஸ்தானே" என்று ஓடிவிட வேண்டாம் :-)

சிலபஸில் இருந்தே ஆரம்பிக்கலாம். வேலையின்மைக்கு வகைகள் உண்டு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வேலையை விட்டு அடுத்த வேலை கிடைக்கும் வரை சும்மா இருப்பது ஒரு வகை, அதை இடைமாற்ற வேலையின்மை என்கிறார்கள். தொழிலே மாறிப்போய், கையில் இருக்கிற திறமைக்கு மதிப்பில்லாமல் போவது அமைப்புசார் வேலையின்மை. சந்தையில் மந்தம் வந்து ஆர்டர் குறைவதால் வருவது சுழற்சி வேலையின்மை. அப்புறம் பருவகால வேலையின்மை, மறைமுக வேலையின்மை. கடைசியாகச் சொன்ன பெயரை 1936ல் கொடுத்தவர் ஜோன் ராபின்சன் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர். நல்ல வேலையில் இருந்து விரட்டப்பட்டவர்கள் தீப்பெட்டி விற்பது மாதிரி ஏதோ ஒன்றைச் செய்துகொண்டு, வேலையில் இருப்பவர்கள் போலத் தெரிவதை அவர் அப்படிச் சொன்னார். நம் பாடப் புத்தகத்தில் அது மூன்று பேர் செய்கிற விவசாயத்தை ஆறு பேர் செய்வது என்று மாறிவிட்டது. பரவாயில்லை, இரண்டும் நம் ஊருக்குப் பொருந்தும்.

பரீட்சைக்கு இது போதும். வகை, விளக்கம், உதாரணம், பத்து மார்க். ஆனால் படிக்கும்போது ஏதோ ஐந்து விதமான ஆட்கள் ஐந்து வரிசையில் நிற்பது போல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. நம் ஊரில் ஒரே ஆள் ஒரே வருஷத்தில் ஐந்திலும் நிற்கிறார்.

குடிமங்கலம் பக்கம் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கத் தண்ணீர் போதாது. அதனால் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் வந்து போனால் மறுபடி முறை வர ஏறக்குறைய இரண்டு வருஷம். நடுவில் நிலத்தில் என்ன வேலை? இது பருவகால வேலையின்மை. தண்ணீர் இல்லாத நாளிலும் அப்பாவும் இரண்டு மகன்களும் அதே நாலு ஏக்கர் தென்னந்தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தால் அது மறைமுக வேலையின்மை. அதில் ஒரு மகன் வெறுத்துப்போய் பனியன் கம்பெனி வேனில் ஏறுகிறான். தோப்பில் கற்றது எதுவும் அங்கே உதவாது, முப்பது வயதில் கைமடியில் இருந்து தொடங்க வேண்டும். அமைப்புசார் வேலையின்மை. ஒரு கம்பெனியில் கூலி கட்டுப்படியாகாமல் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த கம்பெனி தேடும் அந்த நாலு நாள் இடைமாற்றம். அங்கே சேர்ந்து ஆறு மாதத்தில் அமெரிக்காவில் எவனோ டி-சர்ட் வாங்குவதை நிறுத்துகிறான், ஷிப்ட் பாதியாகிறது. சுழற்சி. அவனைப் போய் யாராவது "தம்பி, நீங்கள் எந்த வகை?" என்று கேட்டால் என்ன சொல்வான்?

எல்லாம் தெரிந்த அரசாங்கப் புள்ளிவிவரம் இவனைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? இவனுக்கு வேலை இருக்கிறது என்று சொல்கிறது!

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017-18ல் இருந்து நடக்கிறது. அந்த முதல் வருஷத்தில் வேலையின்மை விகிதம் 6.1 சதவீதம் என்று வந்தபோது நாடே அலறியது. 2023-24ல் அது 3.2 சதவீதம். பாதியாகக் குறைந்துவிட்டது, கைதட்டுங்கள் என்றார்கள். கைதட்டும் முன்னால் எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வருஷக் கணக்கில் எண்ணும் முறையில், ஒருவர் வருஷத்தில் பெரும்பகுதி சும்மா இருந்தாலும், துணை வேலையாக 30 நாள் ஏதாவது செய்திருந்தால் வேலையில் இருப்பவர். வாரக் கணக்கில் எண்ணும் முறை இன்னும் தாராளம். கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். வீட்டுக் கடையில் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மகளும் வேலையில் இருப்பவள்தான். வீட்டுத் திண்ணையில் மூட்டை மூட்டையாக பனியனுக்குப் பிசிறு வெட்டும் அம்மாவும் அப்படித்தான்.

இது நம் அரசாங்கம் செய்த தில்லுமுல்லு என்று சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பது உலகத் தொழிலாளர் அமைப்பின் அளவுகோல், பல நாடுகளிலும் அதுதான். ஆனால் வேலை போனால் வீட்டுக்கு உதவித்தொகை வரும் நாட்டில் ஒருவர் வேலை இல்லாமல் உட்கார்ந்து தேட முடியும். அங்கே அந்த அளவுகோல் ஏதோ ஒன்றை அளக்கிறது. இங்கே சும்மா உட்கார வசதி வேண்டும். வாரத்தில் ஆறு நாள் வேலை இல்லாதவன் ஏழாம் நாள் லோடு இறக்கப் போயாக வேண்டும், போனால் கணக்கில் இருந்து மறைந்துவிடுகிறான். ஏழைக்கு வேலை இல்லாமல் இருக்கக் கட்டுப்படியாகாது. அதனால்தான் நம் நாட்டில் வேலையின்மை விகிதம் படிக்காதவர்களிடம் குறைவாகவும் படித்தவர்களிடம் கூடுதலாகவும் வருகிறது. உலகத் தொழிலாளர் அமைப்பும் டெல்லி மனிதவள மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் பாருங்கள். 2022ல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் வேலையின்மை 3.4 சதவீதம், பட்டம் வாங்கியவர்களிடம் 29.1 சதவீதம். இதைப் படித்துவிட்டு "படிக்காமல் இருந்தால் வேலை கிடைக்கும்" என்று முடிவு கட்டுகிற மேதாவிகளும் இருக்கிறார்கள். (இருக்கிறார்கள் ஐயா, எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர்.)

எங்கள் தெருவில் ஒரு அக்கா பத்து வருஷமாக செக்கிங் வேலைக்குப் போகிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு முதலில் 25 சதவீதம் வரி போட்டது. அதே மாதம் 27ஆம் தேதியில் இருந்து இன்னொரு 25 சேர்த்து 50 ஆக்கியது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. ஆர்டர்கள் நின்றன, தைத்து முடித்த சரக்குக்கு பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். அந்த அக்காவை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. "வியாழக்கிழமை வந்தாப் போதும்" என்று மட்டும் சொன்னார்கள். வியாழக்கிழமை போனால் "திங்கட்கிழமை போன் பண்ணறோம் போங்க்கா". இப்படியே இரண்டு மாதம். ஒன்றரை ஷிப்ட் பார்த்து வாங்கிய கூலி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, குழுக்கடன் தவணை மட்டும் குறையவில்லை. கணக்கெடுக்க யாராவது அவர் வீட்டுக்கு வந்திருந்தால், வாரத்தில் ஒரு நாள் போனாரா? போனார். வேலையில் இருக்கிறார். முடிந்தது.

இந்த அக்காவின் கதையில் யாரும் சோம்பேறி இல்லை என்பதைக் கவனியுங்கள். டிரம்ப் வரி போட்டதற்கு டீக்கடை வசனத்தில் இடமே இல்லை.

திருப்பூருக்கு இது புதுசும் அல்ல. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற வங்கி நியூயார்க்கில் கவிழ்ந்தது, பிச்சம்பாளையத்தில் தறி நின்றது. 2016 நவம்பர் 8 ராத்திரி பண மதிப்பிழப்பு. சனிக்கிழமை சம்பளம் ரொக்கத்தில் ஓடிய ஊர் இது, எத்தனை வாரம் தடுமாறியது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022ல் பஞ்சு விலை கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி நூல் விலை எகிறியது, மே 16, 17 தேதிகளில் ஊரே கடையடைப்பு நடத்தியது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்று வரத்தான் செய்கிறது. வருவது உறுதி என்று தெரிந்த பிறகும் அதை ஒவ்வொரு தடவையும் திடீர் விபத்து போலப் பேசுவது எனக்குப் புரியவில்லை. மழை வரும் என்று தெரிந்தவன் கூரை போடுகிறான், இல்லையா?

2011 ஜனவரி 28 மட்டும் தனிக் கதை. அன்றைக்கு சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியில் நின்றன. சாயம் போடாத துணியை வைத்துக்கொண்டு டைலர் என்ன செய்வான்? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாமானை ஏற்றிக்கொண்டு தென்மாவட்டங்களுக்கே திரும்பிப் போயின. அப்போது பலரும் நீதிமன்றத்தைத் திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை. நொய்யலின் கீழே ஒரத்துப்பாளையம் அணையை 1992ல் திறந்தது பாசனத்துக்கு. அதில் தேங்கியது சாயத் தண்ணீர். கீழே இருந்த விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டுப்போய் அவர்கள் வேலை இழந்தது 2011க்குப் பல வருஷம் முன்னாலேயே நடந்துவிட்டது. அதை யாரும் வேலையின்மை என்று எழுதவில்லை. வழக்குப் போட்டுப் போராடினது அவர்கள்தான். சுத்திகரிப்புக்கு ஆக வேண்டிய செலவைத் தள்ளிப்போட்டு சம்பாதித்தவர்கள் யாரோ. அந்தச் செலவைக் கடைசியில் கட்டியது முதலில் விவசாயி, அப்புறம் டைலர். இது ஐந்து வகையில் எதில் வருகிறது? நான் தேடிப் பார்த்தேன், பாடப் புத்தகத்தில் பெயர் இல்லை.

இப்படித்தான் எனக்கு அந்த வகைப் பட்டியல் மேல் கோபம் வருகிறது. பட்டியல் தப்பு என்று சொல்லவில்லை. அது காரணத்தைச் சொல்கிறது, காரணத்தின் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. மந்தம் உலகம் முழுக்க வருகிறது. 2009லும் 2020லும் ஜெர்மனியில் என்ன செய்தார்கள்? குறுகிய நேர வேலை என்று ஒரு திட்டம் அங்கே வெகு காலமாக இருக்கிறது. ஆர்டர் குறைந்தால் ஆளை வெளியே அனுப்பாமல் நேரத்தைக் குறைக்கிறார்கள். குறைந்த நேரத்துக்கான நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை இருந்தால் 67 சதவீதத்தை வேலைவாய்ப்புக் காப்பீட்டில் இருந்து கொடுக்கிறார்கள். நம்ம அக்காவுக்கு நடந்ததும் நேரக் குறைப்புதான். அந்த 60 சதவீதம் மட்டும் காணோம்.

"அது பணக்கார நாடு தம்பி, இங்கே சட்டமே கிடையாது" என்பார்கள். சட்டம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1947ம் வருஷத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே லே-ஆஃப் இழப்பீடு இருந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வேலை கொடுக்க முடியாத நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்ததில் பாதி. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்தப் பாதிச் சம்பளம் தொடர்கிறது. வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்ததாகக் கணக்கு. இ.எஸ்.ஐ.யிலும் அடல் பெயரில் 2018ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வேலை போனவருக்கு முதலில் சராசரிக் கூலியில் 25 சதவீதம், 2020ல் அதை 50 ஆக்கினார்கள், 90 நாள் வரைக்கும். அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

இத்தனையும் இருக்கிறதா? இருக்கிறது. அக்காவுக்குக் கிடைத்ததா? அவர் யாருடைய ஆள் என்பதே தெரியாதே! கம்பெனி கேட்டில் பெயர் ஒன்று, உள்ளே லைன் எடுத்திருப்பது காண்ட்ராக்டர், கூலி கொடுப்பது அவர். எந்தப் புத்தகத்திலும் 240 நாள் சேராது. வேலையை விட்டு அனுப்பினதாக ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது, ஏனென்றால் யாரும் அனுப்பவே இல்லையே, "போன் பண்ணறோம்" என்றுதானே சொன்னார்கள்.

இந்த ஏற்பாடு வானத்தில் இருந்து விழவில்லை. 1984ல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நம் பாட்டி தாத்தா தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் பெரிய கம்பெனியைச் சின்னச் சின்ன யூனிட்டாகப் பிரிப்பதும், ஜாப் ஒர்க்குக்கு விடுவதும், பீஸ் ரேட் காண்ட்ராக்டும் வேகமாகப் பரவின. ஏற்றுமதி பெருத்தபோது இந்த ஏற்பாடு பையர்களுக்கும் வசதியாகப் போயிற்று. ஆர்டர் வந்தால் நாளைக்கே இருநூறு பேர், ஆர்டர் இல்லாவிட்டால் நாளைக்கே ஒருவரும் வேண்டாம். பல்லடம் ரோட்டுப் போர்டுகள் அதனால்தான் எப்போதும் தொங்குகின்றன. அவை கூப்பிடுவது வேலைக்கு அல்ல, ஷிப்மெண்ட் போகும் வரைக்கும்.

திருப்பூர் முதலாளிகளில் பலர் தாங்களே தொழிலாளியாக இருந்து மேலே வந்தவர்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சொந்த உழைப்புதான் தங்கள் மூலதனம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதை அவர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். "நான் கைமடியில் ஆரம்பிச்சவன்" என்று ஒருவர் சொன்னால் அது பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு நாலு பேர் கூட்டுச் சேர்ந்து, சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கி, நாலு மெஷின் போட்டால் கம்பெனி. அதற்கும் விற்க நிலமும் கைகொடுக்க சாதிசனமும் இருந்தவர்களுக்குத்தான் வழி சுலபமாக இருந்தது. இன்றைக்கு பையர் ஆடிட்டுக்கு வருகிறான், சான்றிதழ் கேட்கிறான், கழிவுநீர்ச் செலவு வேறு. ஒரு டைலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த ஏணியில் ஏற முடியும் என்றால் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இப்ப நம்ம ஆட்களுக்கு வருவோம். படித்துவிட்டு சும்மா இருக்கிற நாம்தான் டீக்கடைப் பேச்சின் முதல் குற்றவாளி. "டிகிரி முடிச்சவனுக்கு கௌரவம் பாக்குது கண்ணு, பனியன் கம்பெனிக்குப் போனா அவமானமாம்."

கௌரவம் கொஞ்சம் இருக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. பவர் டேபிளில் உட்கார்ந்த இரண்டாம் வருஷம் ஒருவர் வாங்கும் பீஸ் ரேட்தான் பதினைந்தாம் வருஷமும். படித்தவனுக்கு அந்த மெஷினில் கூடுதலாகப் பத்துக் காசு கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நாற்பது வயதில் முதுகு போய்விடும். அதே சமயம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 கிடைத்தால் வாழ்க்கையே மாறும். 2024ல் 6,244 இடத்துக்கு அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். ஒரு இடத்துக்கு முந்நூறு பேருக்கும் மேல்! பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறதா? 1970ல் ஹாரிஸ், டொடாரோ என்ற இரண்டு பேர் இதை விளக்கியிருக்கிறார்கள். நல்ல வேலைக்கும் சாதா வேலைக்கும் இடையே வித்தியாசம் ரொம்ப அதிகமாக இருந்தால், கிடைக்கும் வாய்ப்பு கம்மியாக இருந்தாலும் வரிசையில் நின்று காத்திருப்பது புத்திசாலித்தனம்தான். அவர்கள் கிராமத்தில் இருந்து நகரத்துக்குப் போகிறவர்களை வைத்துச் சொன்னார்கள், உடுமலையில் கோச்சிங் கிளாஸ் போகிறவனுக்கும் அது பொருந்தும். பனியன் கம்பெனி வேலையில் இ.எஸ்.ஐ., பி.எஃப்., எட்டு மணி நேரம், வருஷா வருஷம் உயர்வு என்று வந்தால் அந்த வரிசையில் பாதிப் பேர் தானாகக் கலைந்துவிடுவார்கள். அதைச் செய்யாமல் வரிசையில் நிற்பவனைத் திட்டுவது சுலபம்.

இந்த வரிசையில் நிற்பதற்கும் வீட்டில் வசதி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு பிளஸ் டூ படித்த பெண்களில் சிலர் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்குப் போனார்கள். அவர்களுடைய அக்காக்கள் காலத்தில் சுமங்கலித் திட்டம் என்று இருந்தது. மூன்று வருஷம் மில்லுக்குள்ளேயே தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் வெளியே வந்தால் அந்தத் தொகை கிடைக்காமல் போனவர்கள் உண்டு. "ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்கிறவர்கள் எப்படிப்பட்ட ஆள் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியே போக முடியாத, கேள்வி கேட்காத, நாளைக்கு வேண்டாம் என்றால் சத்தம் இல்லாமல் போய்விடுகிற ஆள் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட ஆளைத்தான் பீகாரிலும் ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் இருந்து கூட்டி வருகிறார்கள். உடனே நம்ம பசங்க சிலர் "வடக்கன் வந்து வேலையைப் பிடுங்கிட்டான்" என்று கிளம்பிவிடுகிறார்கள். டீக்கடை வசனத்தின் தம்பி இது. ஒரே வாயில் "வேலைக்கு ஆள் இல்லை" என்றும் "வேலையைப் பிடுங்கிட்டான்" என்றும் எப்படிச் சொல்ல முடிகிறது? 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, திருப்பூர் ஸ்டேஷனில் மூட்டையோடு கூட்டம் கூடியது. அவர்கள் கிளம்பியதும் பதறியது கம்பெனிகள்தான். அந்தப் பையனுக்கு ஊரில் ரேஷன் கார்டு, இங்கே காண்ட்ராக்டர் கொடுத்த ஒரு ரூம், ஆர்டர் நின்றால் முதலில் ரயில் ஏறுவதும் அவன்தான். அவன் போன மாதம் சும்மா இருந்தான் என்பது தமிழ்நாட்டுக் கணக்கிலும் வராது.

நூறு நாள் வேலை வந்துதான் ஆள் கிடைக்காமல் போனது என்பார்கள் அடுத்து. 2005ல் வந்த அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வேறு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். பேச்சுக்கு 125 நாள், ஆனால் விவசாய வேலை மும்முரமான காலத்தில் 60 நாள் வரை நிறுத்தி வைக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதாவது கூலி கொஞ்சம் ஏறக்கூடிய நேரம் பார்த்து மாற்று வழியை மூடலாம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, குறை சொன்னது போதும், என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ராமேஸ்வரம் பக்கம் பாருங்கள். கிழக்குக் கடலில் வருஷா வருஷம் ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிக்கத் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த நாட்களில் மீனவக் குடும்பத்துக்கு அரசு தடைக்கால நிவாரணம் கொடுக்கிறது. 5,000 ரூபாயாக இருந்து பின்னால் 8,000 ஆனது. போதாதுதான், அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் இதில் ஒரு ஒப்புதல் இருக்கிறது. வேலை நின்றது உன் குற்றம் இல்லை, அதன் செலவை நீ மட்டும் சுமக்க வேண்டாம் என்று அரசு எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. கட்டடத் தொழிலுக்கும் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வரி வாங்கி நலவாரியத்துக்குக் கொடுக்கிறார்கள். கடலுக்கும் கட்டடத்துக்கும் முடிந்தது பனியனுக்கு முடியாதா?

கணக்குப் போடலாம். 2024-25ல் திருப்பூர் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அதில் 1 சதவீதம் 400 கோடி. தொழிலாளர்கள் ஆறு லட்சம் என்று பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கையையே வைத்துக்கொண்டால் தலைக்கு வருஷம் 6,600 ரூபாய்க்கு மேல். எல்லாருக்கும் எல்லா வருஷமும் தேவைப்படாது. ஐந்தில் ஒருவருக்கு மந்தம் என்றால் அவருக்கு 33,000 ரூபாய். நல்ல வருஷத்தில் மிச்சமாகும் பணம் 2025 மாதிரி வருஷத்துக்கு உதவும். நம்ம அக்காவுக்கு இரண்டு மாதத் தவணையும் வீட்டு வாடகையும் போய் அரிசிக்கும் மிஞ்சியிருக்கும்.

"எங்க மார்ஜினே அஞ்சு பர்சன்ட்தான், இதுல ஒரு பர்சன்ட் எடுத்தா பங்களாதேஷ்காரன் ஆர்டரைக் கொண்டு போயிருவான்" என்பது கம்பெனிக்காரர்கள் பதில். இதில் உண்மை இருக்கிறது. வங்கதேசச் சரக்கு 2001ல் இருந்தே ஐரோப்பாவுக்கு வரி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவரும் ஆர்டர் நின்றால் டைலரைப் போலவே நடுங்குகிறார். அதனால்தான் இந்த வரியை யூனிட்காரரிடம் கேட்கக் கூடாது, ஏற்றுமதி பில்லில் போட வேண்டும். இருநூறு ரூபாய்க்குக் கப்பல் ஏறும் பனியனில் இரண்டு ரூபாய். அந்தப் பனியனை அங்கே என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று அவர்கள் வெப்சைட்டிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக்கு அரசு திருப்பிக் கொடுக்கும் வரிச் சலுகையில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினாலும் சரி. யாரிடம் எவ்வளவு என்பதைப் பேசித் தீர்க்கலாம். இன்றைக்கு இருக்கும் ஏற்பாட்டில் முழுத் தொகையும் மாதம் பதினைந்தாயிரம்கூட வாங்காத ஒருவரிடம் வசூலாகிக்கொண்டிருக்கிறது.

அடுத்த கேள்வி, யார் எத்தனை நாள் வேலை பார்த்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யூனிட் மாறி மாறி ஓடுகிற ஆளுக்கு யார் கணக்கு வைப்பது? ஆர்கானிக் பருத்தி என்று சொல்லி விற்கும் பனியனுக்கு, பஞ்சு, நூல், துணி, சாயம் என்று ஒவ்வொரு கை மாறும்போதும் சான்றிதழ் போடுகிறார்கள். பையர் கேட்டால் பின்னோக்கிப் போய் எந்த ஜின்னிங் ஆலையில் அரைத்த பஞ்சு என்பது வரை காட்டுகிறார்கள். பஞ்சுக்கு இவ்வளவு தாள் வைக்க முடிந்த ஊரில், அதைத் தைத்தவர் பெயரையும் நாளையும் சேர்த்து ஒரு வரி எழுத முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காண்ட்ராக்டர் நோட்டில் அந்தக் கணக்கு ஏற்கனவே இருக்கிறது, சனிக்கிழமை கூலி அதைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். அந்த நோட்டு கம்பெனியின் ரெக்கார்டில் ஏற வேண்டும், ஏறினால் 240 நாளும் சேரும், இ.எஸ்.ஐ.யும் வரும். அது ஏறாமல் இருப்பதில் யாருக்கு லாபம் என்று அடுத்த தடவை "வேலை இருக்குதுங்க, ஆள்தான் இல்லை" என்று யாராவது ஆரம்பித்தால் கேட்டுப் பாருங்கள். மரியாதையாகவே கேளுங்கள். டீ அவர் கணக்கில் இருக்கட்டும்.